தொப்பையும் குறைந்த டெஸ்டோஸ்டிரோனும்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆண்கள் கேட்கும் கேள்விகள்

முப்பத்தைந்து வயதைத் தாண்டி, வயிறு முன்னால் வந்து, உடம்பில் சுறுசுறுப்பு குறைந்து, ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று வந்திருப்பவர்களுக்காக எழுதியது இது. சர்க்கரை, இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றில் ஏற்கெனவே சிக்கல் உள்ளவர்கள் இங்கே சொல்லும் அளவுகளைத் தங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

தொப்பையால் டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததா, அது குறைந்ததால் தொப்பை வந்ததா?

இரண்டும் நடக்கும். நாற்பது வயதுக்காரர்களில் பெரும்பாலும் தொப்பைதான் முன்னால் வருகிறது.

கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அழற்சிப் பொருட்களையும் ரத்தத்தில் கலக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. இவை எல்லாம் சேர்ந்து, விரைகளுக்கு “சுரக்கலாம்” என்று மூளை அனுப்பும் சமிக்ஞையை மங்க வைக்கின்றன. டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததும் தசை இளைக்கிறது, களைப்பு கூடுகிறது, நடமாட்டம் குறைகிறது, கொழுப்பு இன்னும் சேர்கிறது.

இந்தச் சுழலை எந்தப் பக்கத்திலிருந்தும் உடைக்கலாம் என்றாலும் மலிவான, பக்கவிளைவு இல்லாத பக்கம் கொழுப்புப் பக்கம்தான். உணவு மாற்றத்தால் எடை குறைத்த ஆண்களின் ஆய்வுகளை 2013இல் தொகுத்துப் பார்த்தபோது மொத்த டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்குச் சுமார் 80 நானோகிராம் ஏறியிருந்தது. எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு ஏற்றம் சுமார் 250. அதாவது 260இல் நிற்கும் ஒருவர் ஊசி எதுவும் போடாமலே 340க்கு வர வழி இருக்கிறது.

களைப்பாக இருந்தாலே டெஸ்டோஸ்டிரோன் குறைவுதானா?

இல்லை. களைப்புக்கு ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று பத்துக் காரணம் உண்டு. டெஸ்டோஸ்டிரோனைத் தெளிவாகச் சுட்டும் அறிகுறிகள் மூன்று: விடியற்காலையில் தானாக வரும் விறைப்பு நின்றுபோவது, ஆசையே எழாமல் போவது, உறவின்போது விறைப்பு நிலைக்காமல் போவது. முன்பு தினமும் சவரம் செய்தவருக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை போதும் என்றாவது, மார்பு வீங்குவது ஆகியவற்றையும் கவனியுங்கள்.

தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை மங்கினாலோ, மார்பில் பால் போலக் கசிந்தாலோ உடற்பயிற்சி, உணவு என்று காத்திருக்காதீர்கள். பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

ரத்தம் எப்போது கொடுக்க வேண்டும்? ரிப்போர்ட்டில் வெறும் 2.8 என்று போட்டிருக்கிறதே?

தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும். சாப்பிட்ட பிறகும் இறங்கும். சாயங்காலம் வேலை முடிந்து, டீயும் போண்டாவும் முடித்துவிட்டு லேபுக்குப் போய்க் கொடுத்த ரத்தத்தில் குறைவு என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

காலை 7 மணி முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருந்து கொடுங்கள். காய்ச்சல் வந்து தேறி இரண்டு மூன்று வாரமாவது ஆகியிருக்கட்டும். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள்; சில கருவிகளில் அது அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். முதல் முறை குறைவாக வந்தால் வேறொரு நாள் அதே லேபில் இன்னொரு முறை. இரண்டு முறையும் குறைவாக இருந்தால்தான் குறைவு.

அலகைப் பாருங்கள். நம் ஊர் லேபுகளில் பல நானோகிராம்/மில்லிலிட்டர் என்று அச்சிடுகின்றன. அதை 100ஆல் பெருக்கினால் டெசிலிட்டர் கணக்கு: 2.8 என்றால் 280. நானோமோல்/லிட்டர் என்று இருந்தால் 28.8ஆல் பெருக்குங்கள். அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் 300க்குக் கீழே என்பதைக் குறைவு என்கிறது. ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 264ஐக் கீழ் எல்லையாகக் குறிப்பிடுகிறது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே நிற்பவருக்கு எண்ணைவிட அறிகுறிதான் முக்கியம்.

அடுத்து என்ன பரிசோதனை?

எஸ்.ஹெச்.பி.ஜி. என்பது டெஸ்டோஸ்டிரோனைத் தூக்கிச் செல்லும் புரதம். தொப்பையும் இன்சுலின் எதிர்ப்பும் உள்ளவர்களுக்கு இந்தப் புரதமே குறைந்துவிடும். அப்போது மொத்த அளவு 270 என்று காட்டும். உடம்புக்குப் பயன்படும் கட்டற்ற அளவு சரியாகவே இருக்கும். ஆகவே எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் இதைப் பார்க்காமல் சிகிச்சைக்குப் போகக் கூடாது.

எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டும் விரைகளை வேலை செய்யச் சொல்லி பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்கள்; கோளாறு எங்கே என்று இவை சொல்லும். அவை எகிறியிருந்தால் சிக்கல் விரையில்: பொன்னுக்கு வீங்கி (அம்மைக்கட்டு) வந்தபோது விரை வீங்கியது, அடிபட்டது, பிறவிக் குறை போன்றவை. அவை தாழ்ந்தோ நடுவாகவோ இருந்தால் சிக்கல் மேலே, மூளைப் பக்கம். தொப்பையால் வரும் குறைவு இந்த வகைதான். கூடவே புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), டி.எஸ்.ஹெச். (தைராய்டு பரிசோதனை), மூன்று மாதச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, 2022இல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலோ பொது மருத்துவப் பிரிவில் தொடங்கலாம். பழைய ரிப்போர்ட்டுகளையும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரை, பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு இரண்டும் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும். மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் என்று சீட்டில்லாமல் மடித்துக் கொடுக்கும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பேண்ட் சைஸ் இன்னும் 34தான். தொப்பை இருக்கிறதா என்று எப்படி அளப்பது?

பேண்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. அதை நம்ப முடியாது. தையற்கடை டேப் ஒன்று வாங்குங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், சட்டையைக் கழற்றிவிட்டு, சாதாரணமாக மூச்சு விட்ட நிலையில் அளக்கவும். வயிற்றை உள்ளே இழுத்து யாரை ஏமாற்றப் போகிறோம்? நம் ஊர் ஆண்களுக்கு எல்லை 90 சென்டிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலை, கழிவறை போய்வந்த பிறகு, அதே இடத்தில் அளந்து எழுதி வையுங்கள்.

மற்ற இடமெல்லாம் குறைகிறது, அடிவயிறு மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது?

வயிற்றில் இரண்டு கொழுப்பு உண்டு. குடலைச் சுற்றி உள்ளே இருப்பது ஒன்று, தோலுக்கடியில் கையால் பிடிக்கக் கிடைப்பது இன்னொன்று. கெடுதல் அதிகம் செய்யும் உள்கொழுப்புதான் முதலில் கரையும். அதனால்தான் முதல் ஒன்றரை மாதத்தில் டேப் மூன்று நான்கு சென்டிமீட்டர் குறைந்திருக்கும், கண்ணாடியில் மட்டும் அதே வயிறு தெரியும். அடிவயிற்றிலும் இடுப்பு மடிப்பிலும் தோலடிக் கொழுப்புக்கு ரத்த ஓட்டம் குறைவு; கொழுப்பை வெளியே விடாமல் தடுக்கும் ஆல்ஃபா-2 ஏற்பிகள் அங்கே அதிகம். அது கடைசியில்தான் போகும்.

தினமும் 200 முறை படுத்து எழுந்தாலும் அந்த இடத்துக் கொழுப்பு தனியாகக் கரையாது. வியர்வை பெல்ட் கட்டினால் தண்ணீர் போகும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும் திரும்பி வரும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம்?

கணக்கு இதுதான்: எடை கிலோவில் × 10, உயரம் சென்டிமீட்டரில் × 6.25, இரண்டையும் கூட்டி, வயது × 5ஐக் கழித்து, 5 சேர்க்கவும். 84 கிலோ, 168 சென்டிமீட்டர், 42 வயது என்றால் 840 + 1,050 − 210 + 5 = 1,685. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு செலவழிக்கும் கலோரி இது. கடையில் உட்கார்ந்தோ அலுவலகத்திலோ வேலை செய்பவர் 1.4ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,350. அதில் 500 குறைத்து 1,850இல் தொடங்கலாம். வாரத்துக்கு 400 முதல் 500 கிராம் வரை குறையும்.

இதைவிட வேகமாக, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு 1,000 கலோரியில் இழுத்துப் பிடித்தால் தசையும் சேர்ந்து கரையும். உடம்பு பஞ்சகாலம் என்று நினைத்து இனப்பெருக்க ஹார்மோனையும் அடக்கிவிடும். எதற்காகத் தொடங்கினோமோ அதுவே கெட்டுவிடும். எண்ணெயை முழுக்க நிறுத்துவதும் வேண்டாம். கொழுப்பு மிகக் குறைவான உணவு டெஸ்டோஸ்டிரோனைச் சற்று இறக்குகிறது. சமையலுக்குக் கடலை எண்ணெய் ஒருவருக்கு நாளைக்கு 4 தேக்கரண்டி, அளந்து ஊற்றினால் போதும்.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்து அப்படியே இருந்து சாப்பாடு குறைந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரும். 2021இல் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்களும் அடுத்த முறை வருபவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

நான் ராகிக் களிதான் சாப்பிடுகிறேன். அப்புறம் எப்படித் தொப்பை?

ராகி நல்ல தானியம். நார், கால்சியம் இரண்டும் அரிசியைவிடப் பல மடங்கு. ஆனால் 100 கிராம் ராகி மாவில் ஏறக்குறைய 320 கலோரி, புரதம் 7 கிராம்தான். அரிசி நொய் சேர்த்துக் கிண்டிய பெரிய உருண்டை இரண்டு உள்ளே போனால் மாவுச்சத்து மட்டும் 150 கிராமைத் தொடும். ஏர் ஓட்டிய தாத்தாவுக்கு அது அளவு. பைக்கில் போய் நாற்காலியில் உட்கார்பவருக்கு 80 கிராம் மாவில் ஒரு உருண்டை போதும். சாமைச் சோறுக்கும் இதே நியாயம்தான்.

தப்பு களியில் இல்லை, அதோடு வருவதில். முன்பு களிக்குத் துணை கொள்ளும் அவரைக்கொட்டையும் கீரைக் கடைசலும். இப்போது தொட்டுக்கொள்ளத் தண்ணிச் சாம்பார், நடுவில் ஐந்து டீ. இரண்டு கரண்டி சர்க்கரையும் பாலும் சேர்ந்த டீ ஒன்று 80 கலோரிக்குக் குறையாது. ஐந்து டீ 400. குறைக்க வேண்டிய 500இல் பெரும்பங்கு அந்தக் கிளாசிலேயே இருக்கிறது. ஒரே நாளில் விட முடியாவிட்டால் முதலில் சர்க்கரையை அரைக் கரண்டிக்குக் கொண்டு வாருங்கள், பிறகு எண்ணிக்கையைக் குறையுங்கள்.

புரதம் எவ்வளவு? நம் சாப்பாட்டில் அது கிடைக்குமா?

எட்ட நினைக்கும் எடையை 1.3 முதல் 1.4ஆல் பெருக்குங்கள். 72 கிலோவுக்கு வரவேண்டும் என்றால் நாளைக்கு 95 முதல் 100 கிராம். சிறுநீரகப் பரிசோதனையில் கிரியாட்டினின் அதிகமாக இருப்பவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது.

மேலே சொன்ன 1,850 கலோரிக்குள் ஒரு நாள் இப்படி அமையும். காலையில் முட்டை மூன்று, இட்லி இரண்டு, பருப்பு தெரியும்படி சாம்பார்: 24 கிராம். பதினொரு மணிக்கு 40 கிராம் கொள்ளை ஊறவைத்து வேகவைத்த சுண்டல், மோர்: 9 கிராம். மதியம் களி ஒரு உருண்டை, கீரை, 150 கிராம் கோழி அல்லது கிருஷ்ணகிரி அணை மீன், ஒரு கிண்ணம் தயிர்: 40 கிராமுக்குப் பக்கம். சாயங்காலம் வேகவைத்த நிலக்கடலை ஒரு சிறு கைப்பிடி, சர்க்கரை இல்லாத டீ: 8 கிராம். இரவு சப்பாத்தி இரண்டு, 40 கிராம் பருப்பில் கெட்டிக் கூட்டு: 15 கிராம்.

சைவம் என்றால் மதியம் மீல்மேக்கர் 50 கிராம் போடுங்கள், அதில் மட்டும் 26 கிராம் கிடைக்கும். காலை முட்டைக்குப் பதில் பச்சைப்பயறு தோசையும் பனீர் 70 கிராமும் வைக்கலாம். கடலையில் மட்டும் கையைக் கட்டுங்கள்: அது நம் மண்ணின் விளைச்சல், புரதமும் உண்டு, ஆனால் 100 கிராமில் 560 கலோரிக்கு மேல். பேருந்தில் ஒரு பொட்டலம் வாங்கி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் கணக்கு போய்விடும்.

சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்கிறார்களே?

குறையாது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனில் மாற்றம் இல்லை.

மாம்பழ சீசனில் என்ன செய்வது?

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மே மாதம் மாம்பழம் சாப்பிடாதே என்றால் யார் கேட்பார்கள்? 250 கிராம் சதையில் சுமார் 150 கலோரி. நாளைக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டில் களியையோ சோற்றையோ பாதியாக்கிவிட்டுச் சாப்பிடுங்கள். பாட்டிலில் வரும் மாம்பழச் சாறும் பால், சர்க்கரை சேர்த்து அடித்த ஜூஸும் வேறு கணக்கு, அவை வேண்டாம்.

வாரம் இரண்டு நாள் குவார்ட்டர் அடிப்பேன், பரவாயில்லையா?

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதிலுள்ள ஆல்கஹால் மட்டும் 420 கலோரி அளவுக்கு வரும். சில்லி சிக்கன், மிக்சர், முடிவில் பரோட்டா எல்லாம் சேர்ந்தால் ஒரு ராத்திரியிலேயே 1,500 தாண்டும். வாரம் முழுவதும் 500 வீதம் சேமித்தது 3,500. இரண்டு ராத்திரியில் 3,000 போனால் கையில் என்ன மிச்சம்? ஆல்கஹால் விரையில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் செல்களை நேரடியாகவும் கெடுக்கும், தூக்கத்தையும் கலைக்கும். முதல் 12 வாரம் முழுக்க நிறுத்திப் பாருங்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்புகூட வரலாம். அவர்கள் மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும்.

ஜிம்முக்குப் போகாமல் உடற்பயிற்சி செய்ய முடியுமா?

முடியும். ஆனால் நடை மட்டும் போதாது. கலோரியைக் குறைக்கும்போது தசையைக் காப்பாற்றுவது எடை தூக்கும் பயிற்சிதான். டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பவருக்குத் தசை இழப்பு இன்னும் எளிது. (எடை தூக்கினால் ஹார்மோன் எகிறும் என்பது மிகை. பயிற்சி முடித்த சிறிது நேரம் கூடி, பிறகு பழைய இடத்துக்கே வந்துவிடும். நமக்கு வேண்டியது தசையும் இன்சுலின் வேலை செய்வதும்.)

வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், 40 நிமிடம். ஐந்து அசைவுகள்:

1. நாற்காலி உயரத்துக்கு உட்கார்ந்து எழுதல். எளிதானதும் நெஞ்சோடு ஒரு பையில் 5 கிலோ அரிசி அணைத்துக்கொள்ளுங்கள்.
2. தண்டால். தரையில் முடியாதவர் சுவரில் கைவைத்து, பிறகு திண்ணையில், கடைசியாகத் தரையில்.
3. ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக் குனிந்து, மறு கையால் தண்ணீர் வாளியை விலாப் பக்கம் இழுத்தல். ஒரு லிட்டர் ஒரு கிலோ, அளவைக் கூட்டுவது எளிது.
4. முதுகை நேராக வைத்து, இடுப்பில் மட்டும் மடங்கி 10 முதல் 25 கிலோ மூட்டையைத் தூக்கி நிமிர்தல். முதுகு வில்லாக வளைந்தால் எடை அதிகம் என்று பொருள்.
5. இரண்டு கையிலும் நிறைந்த வாளி எடுத்து 40 மீட்டர் நடை.

முதல் நான்கும் 8 முதல் 12 தடவை, இன்னும் இரண்டு தடவை செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். முதல் இரண்டு வாரம் 2 சுற்று, பிறகு 3. சுற்றுக்கு நடுவே ஒன்றரை நிமிடம் ஓய்வு. எல்லாச் சுற்றிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை 2 கிலோ கூட்டுங்கள். ஆறு மாதமாக அதே வாளி, அதே 12 என்றால் உடம்புக்கு மாற வேண்டிய அவசியமே வராது. பலரும் தேங்குவது இதனால்தான்.

தூக்கும்போது மூச்சை அடக்காமல் விடுங்கள். ரத்த அழுத்தம் 180/110 அளவில் இருந்தால் முதலில் அதை அடக்கிவிட்டு வாருங்கள். நெஞ்சு அழுத்தினாலோ இடது கை, தாடை வலித்தாலோ அங்கேயே நிறுத்தி மருத்துவமனை.

நடை இதற்கு மேல். இப்போது 3,000 அடி நடப்பவர் வாரத்துக்கு 1,500 அடி கூட்டி 8,000க்கு வரட்டும். சாப்பிட்டு முடித்ததும் 10 நிமிடம் தெருவில் ஒரு சுற்று போனால் ரத்தச் சர்க்கரை எகிறாது.

மூட்டும் முதுகும் இறுகிக் கிடக்கிறது. இதெல்லாம் செய்ய முடியுமா?

நம் இரு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். சிறுவயது முழுக்கப் போர்த் தண்ணீர் குடித்து, பல்லில் பழுப்புக் கறையும் கழுத்து, முதுகு திரும்பாத இறுக்கமும் உள்ளவர்கள் எலும்பு ஃபுளோரோசிஸ் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மூட்டை தூக்க வேண்டும். அதுவரை உட்கார்ந்து எழுதல், சுவர்த் தண்டால், நடை போதும். சமையலுக்கும் குடிக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

ஓசூரில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் வாரத்தில் தூக்கமே இல்லை.

டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பகுதி தூக்கத்தில் சுரக்கிறது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்தபோது பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. தூக்கம் குறைந்தால் பசியும் கூடும், அதுவும் எண்ணெயும் சர்க்கரையும் கேட்கும் பசி.

இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது வெயிலுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, போன் வேறு அறையில். எட்டரைக்குப் படுத்து மூன்று வரை தூங்கினால், ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரக் குட்டித் தூக்கம் சேர்ந்து ஏழரை மணி வரும். இரவு இரண்டு மணிக்குப் பிறகு டீ வேண்டாம். கேன்டீனில் நள்ளிரவுச் சாப்பாட்டைச் சிறியதாக, முட்டையும் சுண்டலுமாக வைத்துக்கொண்டு முக்கிய உணவைப் பகலுக்கு மாற்றுங்கள். ரத்தப் பரிசோதனையைப் பகல் ஷிப்ட் வாரத்தின் கடைசியில் எடுங்கள்.

பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நிற்கிறது என்று மனைவி சொன்னால், காலர் 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், தூக்க மூச்சுத்திணறலுக்குப் பரிசோதனை வேண்டும். எத்தனை மணி நேரம் படுத்தாலும் அந்தத் தூக்கம் தூக்கமாகாது.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் தொப்பை கரைந்துவிடுமா?

உண்மையிலேயே குறைவாக உள்ளவருக்குக் கொழுப்பு கொஞ்சம் குறையும், தசை கொஞ்சம் கூடும். எடை எந்திரத்தில் பெரிய மாற்றம் தெரியாது. ஆஸ்திரேலியாவில் இடுப்பளவு பெருத்த 50 முதல் 74 வயது ஆண்கள் 1,007 பேரிடம் இரண்டு வருடம் நடந்த ஆய்வு 2021இல் வந்தது. ஊசி போட்டவர்களில் 12 சதவீதத்தினரும், போலி ஊசி போட்டவர்களில் 21 சதவீதத்தினரும் முடிவில் சர்க்கரை நோய் அளவில் இருந்தார்கள். நல்ல பலன்தான். ஆனால் இரு தரப்புக்கும் எடை குறைப்புத் திட்டம் கூடவே நடந்தது என்பதை ஊசி விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ரத்தம் கெட்டியாகி, ஹீமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீத எல்லையைத் தொட்டது.

இதய ஆபத்துள்ள 5,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2023இல் வந்த ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக் கட்டியும் சற்று அதிகம். ஆகவே இரண்டு காலைப் பரிசோதனையிலும் குறைவு, அறிகுறியும் உண்டு, காரணமும் தேடியாயிற்று என்றால் மட்டும் ஊசியோ ஜெல்லோ; அதுவும் ஹீமாட்டோகிரிட், பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) இரண்டையும் முன்பும் பின்பும் பார்த்துக்கொண்டு. புரோஸ்டேட் அல்லது மார்புப் புற்றுநோய், கட்டுப்படாத தூக்க மூச்சுத்திணறல், அண்மையில் வந்த மாரடைப்பு இருந்தால் கூடாது.

இன்னும் குழந்தை இல்லை. ஊசி போடலாமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டையும் நிறுத்தும், விந்தணு உற்பத்தி பூஜ்யம் வரை இறங்கும். ஆண்களுக்கான கருத்தடையாகவே இந்த ஊசியைச் சோதித்திருக்கிறார்கள். நிறுத்திய பிறகு திரும்பி வர மாதக்கணக்கில், சிலருக்கு வருடத்துக்கு மேலும் ஆகும். ஜிம்மில் ‘கோர்ஸ்’ என்று கொடுப்பதும் இதே மருந்துதான், அளவு மட்டும் பல மடங்கு. குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. சிறுநீரகவியல் அல்லது ஹார்மோன் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்.

அமுக்கரா, நெருஞ்சி, பூஸ்டர் மாத்திரை?

நெருஞ்சி மனிதர்களில் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டவில்லை. அமுக்கராவுக்குச் சிறிய ஆய்வுகளில் சிறிய ஏற்றம் தெரிகிறது. அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது, கண் மஞ்சளானால் உடனே நிறுத்த வேண்டும். துத்தநாகமும் வைட்டமின் டி-யும் உடம்பில் குறைவாக இருந்தால் மட்டுமே பயன். பூஸ்டர் டப்பாவுக்குச் செலவழிக்கும் பணத்தில் மாதம் முழுக்க முட்டை வாங்கலாம்.

எடை குறைக்கும் புது ஊசிகள்?

செமாக்ளூடைடு, டிர்செபடைடு இரண்டும் பசியைக் குறைத்து எடையை நன்றாகவே இறக்கும். எடை இறங்கும்போது டெஸ்டோஸ்டிரோனும் ஏறும். சர்க்கரையோடு அதிக எடையும் உள்ளவர் மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. குமட்டல், மலச்சிக்கல் வரும். கணைய அழற்சி வந்தவர்களும் குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். பசியே இல்லாததால் புரதமும் குறைந்து தசை கரைவது இதில் பெரிய சிக்கல். ஊசி போட்டாலும் முட்டையும் வாளியும் உண்டு.

ஒரு மாதமாக எடை நகரவில்லை. என்ன தப்பு?

முதலில் டேப்பைப் பாருங்கள். எடை நின்று இடுப்பு குறைந்தால் தசை கூடுகிறது, எதையும் மாற்ற வேண்டாம். இரண்டும் நான்கு வாரம் நின்றால் எண்ணெயை மறுபடி கரண்டியால் அளங்கள். தாளிப்பில் ஊற்றும் ‘கொஞ்சம்’ மூன்று கரண்டியாக இருக்கும். ஞாயிறு கறி விருந்து, ஊர்த் திருவிழா, கல்யாணப் பந்தி எத்தனை என்று எண்ணுங்கள். அதிலும் தப்பில்லை என்றால், எடை குறைந்ததால் தேவையும் குறைந்திருக்கும்: 84இலிருந்து 78க்கு வந்தவர் புது எடையைப் போட்டுக் கணக்கை மறுபடி செய்து, சுமார் 100 கலோரி குறைக்கட்டும். இரவுச் சப்பாத்தியில் ஒன்று போனால் சரியாகிவிடும்.

மறுபடி எப்போது பரிசோதிப்பது?

எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்த பிறகு. பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதம். எடை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும் நடுவில் எடுத்தால் எண் குழப்பும். கடைசி இரண்டு வாரம் குறைப்பை நிறுத்தி, எடை நிலையாக நிற்கும்படி சாப்பிட்டு, அதே லேபில், அதே காலை நேரத்தில் கொடுங்கள். இடுப்பு 90க்கு அருகில் வந்து, தூக்கமும் சரியாகி, அப்போதும் இரண்டு முறை 264க்குக் கீழே நின்று விடியற்காலை விறைப்பும் திரும்பவில்லை என்றால், அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் எல்.ஹெச். அளவையும் எடுத்துக்கொண்டு ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். ஊசியைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது.